ஐயம் அன்று, திரிபு!

(இராயப்பேட்டையில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று பேசுமாறு எனக்குப் பணிக்கப்பட்ட பொருள் 'தன்னம்பிக்கை' என்பது. அவைத்தலைவர் அதனை அறிவித்தபோது இளைஞர் சிலர் முகத்தில் சலிப்புத் தோன்றியதை நான் காணாமல் இல்லை. அவர்களை நான் குறைகூற மாட்டேன். 'உன்னால் முடியும், உன்னால் முடியும்' என்று உரக்கக் கூவிவிட்டு இறங்கிப் போகும் மேடைகள் நாட்டில் மிகுந்துவிட்டன. கைப்பேசியைத் திறந்தால் அங்கும் அதே கூச்சல். கேட்கும்போது நரம்பு முறுக்கேறுகிறது. வீடு போய்ச் சேருமுன் தளர்ந்துவிடுகிறது. ஆதலின் நான் அவ்வழியே செல்லப் போவதில்லை. நான் ஒரு தமிழாசிரியன். எனக்குத் தெரிந்தது இலக்கணம். அவ்விலக்கணத்தின் வாயிலாகவே இச்செய்தியை அணுக விரும்புகிறேன்.

தன் ஆற்றலின்மேல் தானே கொள்ளும் ஐயத்தைச் சுருக்கம் கருதித் 'தன்னையம்' என்று சொல்வோம். அத்தன்னையம் எத்தன்மையது? எங்கிருந்து வருகிறது? எவ்வாறு நீங்கும்? இம்மூன்றுமே நாம் ஆராயவேண்டுவன.

பொழுது சாய்ந்த மங்கிய வேளை. தொலைவில் ஏதோ ஒன்று நிற்கிறது. நட்டு வைத்த மரக்கட்டையா, ஆளா என்று தெரியவில்லை. 'குற்றியோ, மகனோ' என்று இதனையே ஐயத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது தொல்காப்பிய உரையாசிரியர்தம் வழக்கம். குற்றியாவது மரக்கட்டை, மகன் என்றது மாந்தனை. அவ்விடத்து எவ்வாறு பேசவேண்டும் என்பதற்குச் சொல்லதிகாரம் ஒரு நெறி வகுத்திருக்கிறது. 'கட்டை நிற்கிறது' என்று சொல்லாதே. 'ஆள் நிற்கிறான்' என்றும் சொல்லாதே. இரண்டுக்கும் பொதுவான சொல்லால் 'ஓர் உருவம் தோன்றுகிறது' என்று மட்டும் சொல். உண்மை துணியப்படும்வரை முடிவு கட்டிப் பேசாதே என்பதே அந்நெறி. எத்துணை நுட்பமான அறிவு பாருங்கள்! சொல்லுக்கு வகுத்த இலக்கணம் வாழ்வுக்கும் இலக்கணமாகி நிற்கிறது அன்றோ?

இனி, மற்றொன்று. அதே மாலையில் வழியிற் கிடந்த பழுதைக் கயிற்றைக் கண்டு ஒருவன் அலறி ஓடுகிறான். அவன் 'கயிறோ, பாம்போ' என்று வினவவில்லை. பாம்பு என்றே துணிந்துவிட்டான். ஒன்றை மற்றொன்றாக முடிவு கட்டும் இந்தப் பிழையறிவை ஐயம் என்னார் அளவைநூலார், திரிபு என்பர். இரண்டும் குறையறிவே எனினும் வேறுபாடு பெரிது. ஐயம் ஒரு வினா. திரிபு ஒரு விடை, அதுவும் தவறான விடை. ஐயமுற்றவன் உண்மை காண நான்கடி அருகே செல்வான். திரிபுற்றவன் நாற்பதடி விலகி ஓடுவான். அருகே சென்றவன் அறிவு பெறுகிறான். ஓடியவனோ, தான் கண்டது பாம்பே என்று வாழ்நாள் முழுதும் சொல்லித் திரிகிறான்.

இப்போது நம் பிள்ளைகளின் வாய்மொழியைக் கேளுங்கள். 'எனக்குக் கணக்கு வராது.' 'எனக்கு மேடையில் பேச வராது.' 'நான் தமிழ்வழியிற் படித்தவன்; அவர்களோடு என்னால் ஈடுகொடுக்க முடியாது.' இவற்றை நாம் ஐயம் என்றும் தயக்கம் என்றும் பெயரிட்டு அழைக்கிறோம். இவற்றுள் ஐயம் எங்கே இருக்கிறது? 'வருமோ, வராதோ' என்றால் ஐயம். 'வராது' என்பது முடிந்த முடிபு. தீர்ப்பை எழுதி முத்திரையும் இட்டாயிற்று. ஆதலின், தன்னையம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஐயமே அன்று, திரிபு! இதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் முதற்கருத்து. ஐயத்தைக் கைவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. திரிபைக் கைவிட்டு, நேர்மையான ஐயத்துக்குத் திரும்பி வாருங்கள் என்கிறேன்.

இதனை வகுப்பறையில் நான் ஒரு சிறு பயிற்சியாகவே வைத்திருக்கிறேன். 'வராது' என்னும் எதிர்மறை வினைக்குக் காலவரையறை இல்லை. நேற்று, இன்று, நாளை ஆகிய மூன்றையும் ஒருசேர விழுங்கிவிடும் சொல் அது. 'வரவில்லை' என்பதோ நடந்ததை மட்டும் சொல்லும், நாளையைத் தொடாது. எனவே என் வகுப்பில் எந்த மாணவனும் 'எனக்கு வெண்பா வராது' என்று சொல்லக்கூடாது. 'எனக்கு வெண்பா இன்னும் வரவில்லை' என்றே சொல்லவேண்டும். முதல் நாள் சிரிப்பார்கள். பத்து நாளில் பழகிவிடும். சொல் மாறிய அளவிலேயே வெண்பா வந்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் அடைத்துக் கிடந்த கதவு ஒருவிரற்கடை திறக்கிறது. திறந்த கதவின் வழியேதான் பயிற்சி உள்ளே நுழைய முடியும்.

அடுத்து, இத்திரிபு எங்கிருந்து வருகிறது? தன்னையத்தோடு பிறந்த குழந்தை உலகில் இல்லை. நடை பழகும் குழந்தை நாள்தோறும் விழுகிறது. விழுந்த பின், 'நடை எனக்கு வராது' என்று அஃது உட்கார்ந்து விடுவதில்லை. பின்னர் யாரோ ஒருவர் அளந்து சொல்லத் தொடங்குகிறார். உறவினர் ஒருவர் அண்ணனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார். ஆசிரியர் ஒருவர் சினத்தில் ஒரு சொல்லை வீசுகிறார். மதிப்பெண் தாள் ஓர் எண்ணைச் சொல்கிறது. உடல் நோய் ஒன்றைச் சொல்கிறது. வறுமை மற்றொன்றைச் சொல்கிறது. பிறர் எழுதிய இத்தீர்ப்புகளை நாம் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறோம். சில ஆண்டுகள் கழித்து, அவை பிறர் எழுதியவை என்பதே மறந்துபோகிறது. நம் சொந்த அறிவு என்றே எண்ணிவிடுகிறோம். தன்னையம் என்பது பெரும்பாலும் கடன்வாங்கிய தீர்ப்பு என்க.

இவ்வாறு வந்த தீர்ப்புகளை ஏற்றுக் கையெழுத்திடாத ஒருவரைக் காட்டுக என்பீர்களாயின், நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நாம் கூடியிருக்கும் இந்த இராயப்பேட்டைக்கே உரியவர் அவர். இப்பகுதியின் நெடுஞ்சாலையும், அடையாற்றின்மேல் உள்ள பாலமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நாள்தோறும் அச்சாலையில் பேருந்தேறும் நம் பிள்ளைகளுட் பலர்க்கு, 'திரு.வி.க.' என்பது ஒரு நிறுத்தத்தின் பெயர்; அவ்வளவே. ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன்.

திருவாரூர் விருத்தாசலனார் மகன் கலியாணசுந்தரனார் 1883-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 26-ஆம் நாள், செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த துள்ளம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே இராயப்பேட்டைக்கு வந்து கல்வி கற்றார். வெசுலி பள்ளியிற் சேர்ந்த பின்னர், நோயினால் கையும் காலும் முடங்கின. படிப்பு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தடைப்பட்டது. ஓடியாட வேண்டிய பருவத்தில் பாயிற் கிடந்தார். உடல் தந்த முதல் தீர்ப்பு அது.

நலம் பெற்று மீண்டும் அதே பள்ளிக்கு வந்தார். தன்னினும் இளையவரோடு அமர்ந்து படிக்கவேண்டிய நிலை. அங்கே யாழ்ப்பாணத்துப் பெரும்புலவர் நா. கதிரைவேலனார் அவர்க்குத் தமிழாசிரியராக வாய்த்தார். தமிழ்ப் பேரகராதி தொகுத்த அறிஞர் அவர். அவ்வாசிரியரின் தமிழ், மாணவரின் உள்ளத்தைக் கவ்விக்கொண்டது. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியது. அப்போது ஆசிரியர் தொடர்பான வழக்கொன்றில் சான்று கூற வழக்குமன்றம் செல்லவேண்டி வந்தது. 1904-இல் தேர்வு எழுத இயலாமற் போயிற்று. அத்தோடு அவர்தம் பள்ளிப்படிப்பு முற்றுப்பெற்றது. பட்டம் இல்லை, பள்ளியிறுதிச் சான்றிதழும் இல்லை. தேர்வு தந்த இரண்டாம் தீர்ப்பு அது.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இறுதித் தேர்வை எழுதாமல் வந்து நின்றால் நாம் என்ன சொல்வோம்? 'உன் வாழ்வு முடிந்தது' என்போம். சொல்லாவிடினும் நம் முகம் சொல்லும். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், மதிப்பெண் குறைந்தது என்று உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்தியை ஆண்டுதோறும் நாளிதழிற் படிக்கிறோமே, அதற்கு ஏது என்ன? ஒரு தாளில் அச்சிட்ட எண்ணை, 'இஃது என் அளவு' என்று அப்பிள்ளை எடுத்துக்கொண்டதுதான். கயிறு பாம்பானது; பாம்பு உயிரைக் கவர்ந்தது. ஆகவே இது மேடைப் பேச்சுக்குரிய பொருள் மட்டும் அன்று, உயிர்ப்பொருள்.

கலியாணசுந்தரனார் என்ன செய்தார்? மயிலைத் தணிகாசலனாரிடம் சென்று தமிழ் நூல்களையும் சிவனிய நூல்களையும் முறையாகப் பாடங்கேட்டார். தேர்வுக்காகக் கற்றவர் அல்லர் ஆதலின், தேர்வு போனபின்னும் கல்வி போகவில்லை. வயிற்றுப் பாட்டுக்கு இசுபென்சர் நிறுவனத்திற் கணக்கர் ஆனார். பின்னர் அதனை விட்டு, ஆயிரம் விளக்கில் இருந்த வெசுலியப் பள்ளியில் ஆசிரியர் ஆனார். அதன்பின் நிகழ்ந்ததைக் கேளுங்கள். எந்த நிறுவனத்திலிருந்து இறுதித் தேர்வெழுதாமல் வெளியேறினாரோ, அதே இராயப்பேட்டை வெசுலிக்குத் தலைமைத் தமிழாசிரியராகத் திரும்பி வந்தார்! இடைப்பட்டவை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள். அப்பன்னிரண்டு ஆண்டுகளை, 'ஐயோ, தேர்வு போயிற்றே' என்று அவர் அழுது கழித்திருந்தால் நமக்கு யார் கிடைத்திருப்பார்?

மூன்றாம் தீர்ப்பு காலம் தந்தது. அந்நாளிற் சென்னையின் அரசியல் மேடைகளில் ஆங்கிலமே ஆட்சி செய்தது. படித்தவர் ஆங்கிலத்திற் பேசுவர். பாமரர் வாய் திறந்து பார்த்திருப்பர். தமிழ், பாட்டுக்கும் கதைக்கும் போதும். அரசியலுக்கும் பொருளியலுக்கும் போதாது என்பது கற்றோர் பலர் கருத்து. கவனியுங்கள், 'போதுமோ, போதாதோ' என்று அவர்கள் ஆராயவில்லை. 'போதாது' என்று தீர்ப்பெழுதினர். ஓர் இனம் தன் மொழிமேல் கொண்ட தன்னையம் அது, அதுவும் திரிபே.

இத்திரிபை நீக்க முனைந்தோர் பலர். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் நடையைத் தொடங்கிச் செய்து காட்டினார். கலியாணசுந்தரனார் தனித்தமிழ் எழுதியவர் அல்லர். வடசொல் விரவியே எழுதினார். அதனை நாம் மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும் 1917-இன் முடிவில் ஆசிரியப் பணியைத் துறந்து 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானபோது, தமிழால் முடியுமா என்னும் வினாவுக்கு அவர் வாதத்தால் விடை கூறவில்லை. நாள்தோறும் ஓர் ஆசிரியவுரையை எழுதினார். அதுவே விடை. 1920 முதல் 'நவசக்தி' கிழமையிதழை நடத்தினார். ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களை இயற்றினார். அவர்தம் அச்சுக்கூடம் இதே இராயப்பேட்டையில் இயங்கியது. 'தமிழ்த்தென்றல்' என்று நாடு அவரைப் போற்றியது. முடியுமா என்று வினவிக்கொண்டு நின்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். எழுதியவர் எழுதிவிட்டார்.

இத்தனைக்கும் இடையில், 1918-இல் அவர்தம் வாழ்க்கைத் துணைவியார் கமலாம்பிகையார் மறைந்தார். பிறந்த மக்கள் இருவரும் முன்னரே மறைந்திருந்தனர். தனியராகவே எஞ்சிய முப்பத்தைந்து ஆண்டுகளும் வாழ்ந்தார்.

நான்காம் தீர்ப்பு முதுமையில் வந்தது. கண்ணொளி மறைந்தது. எழுத்தே உயிராக வாழ்ந்தவர்க்குக் கண் போவதென்றால் என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். நூல்கள் வந்தன. அவற்றுள் ஒன்றுக்கு 'முதுமை உளறல்' என்றும், மற்றொன்றுக்கு 'வளர்ச்சியும் வாழ்வும்' என்பதனோடு 'படுக்கைப் பிதற்றல்' என்றும் பெயரிட்டார். உளறல், பிதற்றல் என்று தம்மையே எள்ளி நகைத்துக்கொண்டார். ஆனால் சொல்வதை நிறுத்தினாரல்லர். அடக்கம் வேறு, தன்னையம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அடக்கமுடையவன் தன்னைச் சிறிதாகச் சொல்லிக்கொண்டு பெரிதாகச் செய்வான். தன்னையமுடையவன் தன்னைச் சிறிதாகச் சொல்லிக்கொண்டு செய்யாமலே இருப்பான். 1953-ஆம் ஆண்டு செட்டம்பர் 17-ஆம் நாள் மறையும்வரை அவர் செய்தவராகவே வாழ்ந்தார்.

இனி, மூன்றாம் வினாவுக்கு வருகிறேன். தன்னையம் எவ்வாறு நீங்கும்?

இக்காலத்து உளநூலார் இதனை நன்கு ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்காவில் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட்டு பாண்டுரா என்னும் அறிஞர் 1977-இல் இதுபற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். 'இதனை என்னாற் செய்ய இயலும்' என்னும் துணிபு ஒருவனுக்கு நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்பது அவர் முடிபு. முதலாவது, தானே செய்து பெற்ற வெற்றி. இரண்டாவது, தன்னை ஒத்தவன் ஒருவன் செய்வதைக் காணுதல். மூன்றாவது, பிறர் சொல்லும் ஊக்கமொழி. நான்காவது, தன் உடலும் உள்ளமும் அவ்வேளையில் இருக்கும் நிலை. இந்நான்கனுள் மிக வலியது முதலாவதே என்றார் அவர். மேடைதோறும் கூவும் 'உன்னால் முடியும்' என்னும் மொழி எவ்விடத்தில் நிற்கிறது பார்த்தீர்களா? அது தானே தனித்து நின்று நெடுநாள் தாங்காது. செய்கை இன்றேல் ஊக்கமொழி நீர்மேல் எழுத்தே.

இதனால் விளங்குவது யாது? ஐயம் போனபின் செயலைத் தொடங்குவோம் என்று காத்திருப்பது, நீந்தக் கற்றபின் குளத்தில் இறங்குவேன் என்பதை ஒக்கும். ஐயம் போனபின் செயல் அன்று. செயலால்தான் ஐயம் போகும். மங்கிய மாலையில் நிற்பது குற்றியா, மகனா என்று கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தால் தெரியுமோ? நான்கடி நடந்து அருகே செல்லவேண்டும். அந்நான்கடிதான் செயல்.

அச்செயல் பெரிதாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. சென்ற சில ஆண்டுகட்குமுன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வகுப்பில் வாய்திறந்து படிக்கச் சொன்னால் கண்ணீர் தளும்பும், குரல் எழாது. நான் அவளுக்கு அறிவுரை ஏதும் கூறவில்லை. நாள்தோறும் வகுப்பு முடிந்தபின் என் மேசையருகே வந்து ஒரே ஒரு வரியை எனக்குமட்டும் கேட்குமாறு படித்துவிட்டுப் போகச் சொன்னேன். ஒரு கிழமை கழித்து இரண்டு வரி. பின்னர்த் தோழி ஒருத்தி உடன் நிற்க ஒரு பத்தி. அரையாண்டு கழிந்தபின் காலை வணக்கக் கூட்டத்தில் அவள் குறளும் பொருளும் கூறினாள். கை நடுங்கியது, தாள் அசைவதை நான் கண்டேன். ஆனால் குரல் நின்றது. நடுக்கம் போனபின் அவள் பேசவில்லை, நடுங்கிக்கொண்டே பேசினாள். துணிவு என்பதன் பொருள் அதுவே.

ஈண்டு ஒரு தடை எழும். 'ஐயா, எல்லாராலும் எல்லாம் முடியும் என்கிறீர்களா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அவ்வாறு கூறுவதும் மற்றொரு திரிபே. திருவள்ளுவர் 60-ஆம் அதிகாரமாக ஊக்கமுடைமையை வைத்தார். ஆனால் அதற்கு முன்னரே 48-ஆம் அதிகாரமாக வலியறிதலை வைத்தார். தன் வலியை அளந்தறியாது அளவு கடந்து ஏற்றினால், ஏற்றியது மயிலிறகே ஆயினும் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரித்தவரும் அவரே. வலியறிதல் என்பது அளந்து பார்ப்பது. தன்னையம் என்பது அளக்காமலே குறைவென்று சொல்வது. முன்னதற்குக் கையில் அளவுகோல் உண்டு. பின்னதற்கு வாய்மட்டுமே உண்டு. அளந்து பார்த்து, 'இது என் வழி அன்று' என்று ஒருவன் வேறு வழி தேர்ந்தால் அவன் அறிவுடையான். அளவாமலே ஒதுங்கினால் அவன் தனக்குத் தானே பகைவன்.

இரண்டாவது தடை இன்னும் பெரிது. உள்ளத்தைத் திருத்தினால் போதுமா? வயிறு காய்ந்த பிள்ளையிடம், விளக்கில்லாத வீட்டுப் பிள்ளையிடம், குலத்தைச் சொல்லித் தள்ளிவைக்கப்பட்ட பிள்ளையிடம் 'தன்னம்பிக்கை கொள்' என்று மட்டும் சொல்வது கொடுமை. அங்கே வேலியை உடைக்கவேண்டும், அறிவுரை போதாது. இராயப்பேட்டைப் பெருமகனார் இதனையும் அறிந்திருந்தார். பெரம்பூர்ப் பகுதியிலிருந்த பக்கிங்காம், கருநாடக ஆலைகளின் தொழிலாளர் நெடுநேரம் உழைத்து, நண்பகல் உணவுக்குக்கூடப் போதிய இடைவேளை இன்றி வருந்தினர். ஒவ்வொருவரும் தனித்தனியே 'நம்மால் என்ன ஆகும்' என்று ஒடுங்கியிருந்தனர். 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பர். பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவர். வாடியா பம்பாயிலிருந்து வந்த பார்சி. அவர்க்குத் தமிழ் தெரியாது. தொழிலாளர் நெஞ்சுக்குள் கருத்தைக் கொண்டு சேர்த்தது தமிழே. தனியொருவனாக 'முடியாது' என்றவன், ஆயிரவருள் ஒருவனாக நின்றபோது 'கேட்டுப் பார்ப்போம்' என்றான். தன்னையத்துக்குத் தனிமை உரம், கூட்டுறவு மருந்து.

தாய்மார்களே! உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 1904-இல், கலியாணசுந்தரனார் தேர்வை இழந்த அதே ஆண்டில், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிற் சேர ஓர் இளம்பெண் விண்ணப்பித்தார். ஆடவர் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் இசைவால் இடம் கிடைத்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று மருத்துவரானார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்தார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் கரணியமானார். அவரே மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார். 'பெண்ணுக்கு எதற்கு' என்று ஊர் எழுதிய தீர்ப்பில் அவர் கையெழுத்திட மறுத்தார். உங்கள் மகளின் கையில் அத்தகைய தாளை யாரேனும் நீட்டினால், அதனை வாங்கிக் கிழிக்கவேண்டியவர் முதலில் நீங்களே.

இறுதியாக, நாம் செய்யக்கூடியவற்றைச் சுருங்கச் சொல்லி முடிக்கிறேன்.

என் உடன்பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே! மாணவன் விடையைத் திருத்துங்கள், மாணவனைத் தீர்க்காதீர்கள். 'இவ்விடை தவறு' என்பது திருத்தம். 'நீ எதற்கும் உதவாய்' என்பது தீர்ப்பு. சினத்தில் நாம் வீசும் அவ்வொரு சொல்லை அவன் நாற்பது ஆண்டுகள் சுமப்பான். நாம் அன்று மாலையே மறந்துவிடுவோம்.

பெற்றோர்களே! தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்பதற்குமுன் சோறுண்டானா என்று கேளுங்கள். அன்று அவன் தனியே இருக்க விடாதீர்கள். உள்ளம் உடைந்து பேசுவானாயின் கேலி செய்யாது கேளுங்கள். அரசின் 104 என்னும் உதவி எண்ணிலும் துணை பெறலாம். கலியாணசுந்தரனார் எழுதாமற் போன தேர்வின் வினாத்தாள் எங்கே போயிற்று? அவர் எழுதிய நூல்கள் இருக்கின்றன.

தம்பியரே! தங்கையரே! இன்று வீடு சென்றதும் ஒரு தாளை எடுங்கள். 'எனக்கு வராது' என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றை எழுதுங்கள். அத்தீர்ப்பை முதன்முதற் சொன்னவர் யார் என்று அருகில் எழுதுங்கள். பின்னர் 'வராது' என்பதை அடித்துவிட்டு 'வருமோ, வராதோ' என்று மாற்றுங்கள். அதனை அளந்து பார்க்க நாளைக் காலையிற் செய்யக்கூடிய மிகச் சிறிய செயல் எதுவோ, அதனைக் கீழே எழுதி, நாளைக் காலையிலேயே செய்யுங்கள். அடுத்த திங்கள் இக்கூட்டத்துக்கு வரும்போது, செய்ததை எனக்குச் சொல்லுங்கள். வெற்றி பெற்றதை மட்டும் அன்று. செய்து தோற்றதையும் சொல்லுங்கள். செய்து தோற்றவன் அருகே சென்று பார்த்தவன். அவன் நிற்பது குற்றியன்று, மகனே என்பது அந்நடையிலேயே புலப்பட்டுவிட்டது.